‘நைஸ்’ என்ற சொல்: அறியாமையிலிருந்து நைஸ் பத்திரி வரை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, இப்போது பாலக்காட்டில் கல்லூரி சேர்ந்திருக்கும் ஒருவரின் கேள்வி இது: “நைஸ் என்றால் ‘நல்ல’ என்றுதான் படித்தோம். ஆனால் அதற்கு முதலில் ‘முட்டாள்’ என்று பொருள் இருந்ததாக வகுப்பில் சொன்னார்கள். உண்மையா? வீட்டில் ‘மாவை நைசா அரை’, ‘நைசா நழுவிட்டான்’ என்கிறோமே, அதுவும் இதே சொல்தானா? ஆங்கிலத்தில் இதைத் தப்பில்லாமல் எப்படிப் பயன்படுத்துவது?”

வகுப்பில் சொன்னது உண்மை. மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. நடுவில் இந்தச் சொல்லுக்கு இருந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் தானே விளங்கும். அந்த நடுப்பொருள் ‘நுண்மை’. இன்றைய ஆங்கிலத்தில் அது கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நம் மாவு மில்லில் இன்னும் தினமும் புழங்குகிறது.

முதலில் பிறப்பு. லத்தீனில் ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். ‘நெ’ என்பது எதிர்மறை முன்னொட்டு. இரண்டும் சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். சயின்ஸ், கான்ஷியன்ஸ் ஆகிய சொற்களும் இதே ‘ஸ்கிரே’யில் கிளைத்தவைதான். ஒரே வேரில் ஒரு பக்கம் அறிவியல், இன்னொரு பக்கம் அறியாமை. நெஸ்கியுஸ் பழைய பிரெஞ்சு மொழிக்குப் போய்த் தேய்ந்து, விவரமில்லாதவன், மடையன், தடுமாறுகிறவன் என்ற பொருள்களோடு வாழ்ந்தது. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அங்கே வரிசையாக இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நைஸும் அப்படி வந்து சேர்ந்தது. அன்றைய ஆங்கிலேயர் ஒருவரை நைஸ் என்றால் அவரை அசடு என்று சொல்கிறார் என்றே பொருள்.

இதற்கு இன்றும் ஒரு கண்கண்ட சாட்சி இருக்கிறது. அதே நெஸ்கியுஸ் ஸ்பானிய மொழியில் ‘நேசியோ’ ஆனது. ஸ்பானியர்களிடம் அது இன்றைக்கும் வசவுதான். மடையன் என்றே பொருள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் ஊரிலேயே இருந்து பழைய பெயரோடு வாழ, இன்னொருவர் வெளியூர் போய் ஆளே மாறி வந்ததுபோல இருக்கிறது இது.

ஆள் எப்படி மாறினார் என்பதுதான் சுவையான பகுதி. அசடு என்பதிலிருந்து கூச்சம், தயக்கம் வந்தது. ஒன்றும் தெரியாதவர் முன்னே வரத் தயங்குவார் அல்லவா? இன்னொரு பக்கம் புத்தியில்லாத பகட்டு, ஒழுக்கக்கேடு என்ற பொருளும் 14ஆம் நூற்றாண்டில் இருந்தது. தயக்கத்திலிருந்து மென்மை, தொட்டால் சுருங்கும் தன்மை. அதிலிருந்து எதிலும் திருப்தி அடையாமல் நுணுக்கி நுணுக்கிக் குற்றம் பார்க்கும் குணம். அப்படிப் பார்ப்பவர் கண்ணுக்குச் சின்ன வித்தியாசமும் தப்பாது என்பதால் துல்லியம், நுட்பம். துல்லியமாகத் தேர்ந்தெடுத்த பொருள் தரமாக இருக்கும் என்பதால் நேர்த்தி. நேர்த்தியானது மனசுக்குப் பிடிக்கும் என்பதால் இனிமை. இவ்வளவு படிகள்.

ஆனால் இதை நேராக ஏறிப்போகும் ஏணி என்று நினைத்துவிடக் கூடாது. பல பொருள்கள் ஒரே காலத்தில் அருகருகே புழங்கின. 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் இந்தச் சொல் வரும்போது எழுதியவர் எந்தப் பொருளை மனத்தில் வைத்தார் என்று பல இடங்களில் அறுதியிட முடியவில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் தொகுப்பாளர்களே குறித்திருக்கிறார்கள். பழைய நாடகமோ கவிதையோ பாடமாக இருந்தால் இதை மறக்காதீர்கள். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில், கொலைகள் நடந்து முடிந்த பிறகு பென்வோலியோ இளவரசனிடம் சண்டை மூண்ட விதத்தை விவரிக்கும்போது அந்தச் சண்டையை ‘நைஸ்’ என்பான். இனிமையான சண்டை என்று அவன் சொல்லவில்லை. அற்பமான காரணத்துக்கு வந்த சண்டை என்கிறான். தேர்வில் அந்த இடத்துக்கு ‘நல்ல’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

‘அறியாமை எப்படி அழகாக மாறும்?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். தமிழ் படித்தவருக்கு இது புதிது இல்லை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று வாய்ப்பாடாகச் சொல்கிறோமே, அதில் வரும் ‘மடம்’ எது? மடமை, மடையன் என்பவற்றில் இருக்கும் அதே மடம்தான். ஒரு பக்கம் அது அறிவின்மை. இன்னொரு பக்கம் பெண்ணுக்கு உரிய பண்பாக, கபடமில்லாத மென்மையாக, பழைய நூல்களில் போற்றப்பட்டது. மடந்தை என்ற அழகான சொல்லும் அதன் அருகிலேயே நிற்கிறது. பெண்ணின் அறியாமையைப் பண்பாக்கிய அந்தப் பார்வையோடு நமக்கு இன்று உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. ஆனால் சொல் நடந்த பாதை ஒன்றே: அறியாமை, பிறகு தயக்கம், பிறகு மென்மை, பிறகு அழகு. ஆங்கிலம் அந்தப் பாதையின் கடைசிவரை போனது. தமிழ் இரண்டு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டது.

‘வெகுளி’ இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. திருக்குறளில் வெகுளாமை ஓர் அதிகாரம். அங்கே வெகுளி என்றால் கோபம். இன்று ‘அவர் ஒரு வெகுளி’ என்றால் சூது வாது தெரியாதவர் என்று பொருள், பாதி பாராட்டு, பாதி பரிதாபம். எதிர்த்திசைக்கு ‘நாற்றம்’ போதும். முன்பு நறுமணம், இன்று மூக்கைப் பொத்த வைப்பது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் நாற்றம் கெட்ட வாடைதான். ஆங்கிலத்தில் இப்படிக் கீழே இறங்கிய சொல் ‘சில்லி’. பழைய ஆங்கிலத்தில் அது பேறு பெற்றவன், மகிழ்ச்சியானவன் என்ற பொருளில் தொடங்கியது. பிறகு கள்ளமற்றவன், பாவப்பட்டவன் என்று இறங்கி, கடைசியில் அசடு ஆனது. நைஸ் அசட்டிலிருந்து ஏறியது, சில்லி அசட்டுக்கு இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனத்தில் பதியும்.

‘இனிமையான, மகிழ்ச்சி தரும்’ என்ற பொருள் எழுத்தில் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1769இல் அதற்குச் சான்று கிடைக்கிறது. ‘அன்பான, பரிவான’ என்ற பொருள் 1830 வாக்கில் வந்தது. அப்படியென்றால் ‘ஹி இஸ் எ நைஸ் மேன்’ என்று நாம் இன்று சொல்லும் பொருளுக்கு வயது இருநூறு ஆண்டுகள்தான். புதுப் பொருள் பரவிய வேகம் சிலரை எரிச்சலூட்டியது. 1817 கடைசியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் நார்த்தேங்கர் அபி நாவலில் ஹென்றி டில்னி என்ற பாத்திரம், தான் படித்த புத்தகத்தை நைஸ் என்று சொல்லும் பெண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நேர்த்தியையும் நயத்தையும் குறித்த சொல், இப்போது எதைப் பாராட்டவும் போதும் என்று ஆகிவிட்டதே என்பதுதான் அந்த வாதம். அந்தக் குறை இன்றும் செல்லும். அதைப் பிறகு பார்க்கலாம்.

இனி மில்லுக்கு வருவோம்.

கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று எல்லை நெடுக எந்த மாவு மில்லில் அரிசியை வைத்தாலும் வரும் முதல் கேள்வி ‘நைசா வேணுமா, புட்டுக்கா?’ என்பதுதான். இங்கே நைஸ் என்பதற்கு நல்ல என்ற பொருளே கிடையாது. துகள் சிறுத்து, விரலிடுக்கில் தேய்த்தால் நெருடாமல் இருப்பது நைஸ். நெருடினால் தமிழில் குருணை, கரகரப்பு. மலையாளத்தில் தரி. துணிக் கடையில் ‘நைஸ் துணி’ என்றால் மெல்லிய, வழவழப்பான துணி. இந்தப் பயன்பாடு ஆங்கிலச் சொல்லின் நடுக்காலப் பொருளான நுண்மை, மென்மை, நேர்த்தியோடு அப்படியே ஒட்டுகிறது. இன்றைய ஆங்கிலேயர் மாவை நைஸ் என்று சொன்னால் மாவு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நாம் சொன்னால் சல்லடைக் கண்ணின் அளவையே சொல்கிறோம்.

‘நைஸ்’ ஆங்கிலத்திலிருந்து வந்ததா, அல்லது நைதல், நைந்த துணி என்பவற்றில் உள்ள ‘நை’யிலிருந்து வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நைதல் என்றால் நசுங்குதல், குழைதல், இழை தேய்ந்து மெலிதல். பொருள் அருகில்தான் இருக்கிறது. ஆனால் சொல்லின் கடைசியில் நிற்கும் ‘ஸ்’ ஒலி தமிழ் விகுதி எதிலும் அடங்காது. அதனால் இதைக் கடன் சொல் என்றே நான் கொள்கிறேன். வந்த சொல்லுக்கு ‘நை’யும் ‘நயம்’மும் ஏற்கெனவே பாய் விரித்து வைத்திருந்தன என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சொல்லின் பொருள் எவ்வளவு கறாரானது என்பதற்கு நைஸ் பத்திரியைவிடத் தெளிவான சான்று இல்லை. பத்திரி என்பது மலபார் வீடுகளில் சுடும் அரிசி ரொட்டி. பாலக்காட்டுப் பக்க ஓட்டல் பலகையிலும் பார்க்கலாம். இந்தப் பெயரில் நைஸ் என்பது மெல்லியது என்று பொருள்படும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரப்பதத்தோடு அரைத்து, சலித்து, நிறம் மாறாமல் வறுத்த மாவு ஒரு கப் என்றால் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றேகால் கப். உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி, மாவு தூவிக் காகிதம்போல் தேய்த்து, எண்ணெய் விடாத கல்லில் சிவக்காமல் சுட்டெடுக்க வேண்டும். மேலே கொஞ்சம் தேங்காய்ப்பால் தடவினால் மிருதுவாக நிற்கும்.

மாவு நைசாக இல்லாவிட்டால் தேய்க்கும்போதே ஓரம் வெடிக்கும். கோதுமை மாவில் இருக்கும் இழுவை அரிசி மாவில் கிடையாது. கொதிநீரில் வெந்த மாவுச்சத்துதான் பசையாக நின்று பத்திரியைப் பிடித்துக்கொள்கிறது. தரி பெரிதாக இருந்தால் அதன் உள்ளே சூடும் நீரும் ஏறுவதில்லை. வேகாத தரி ஒட்டாது, அங்கேதான் விரிசல் விழும். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும் முன் மாவைப் போட்டாலும் இதே கதை. புட்டுக்கு நேர்மாறு. மாவு நைசாகிவிட்டால் ஆவி நுழைய இடைவெளி இல்லாமல் குழலுக்குள் களிமண்போல் இறுகிவிடும். இப்படி ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டால் பலகாரமே கெட்டுவிடும் அளவுக்கு நம்மிடம் நைஸ் ஒரு தொழில்சொல்.

இதனால்தான் சமையல் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கிரைண்ட் இட் நைஸ்லி’ என்று போடக் கூடாது. படிப்பவர் ‘நன்றாக அரை’ என்று எடுத்துக்கொள்வார். எவ்வளவு நுண்மை என்பது அவருக்குப் போய்ச் சேராது. உலர்ந்த பொருளுக்கு ‘ஃபைன்’: கிரைண்ட் டு எ ஃபைன் பவுடர். ஈரமாக அரைப்பதற்கு ‘ஸ்மூத்’: கிரைண்ட் டு எ ஸ்மூத் பேஸ்ட். கரகரப்புக்கு ‘கோர்ஸ்’. இட்லிக்கு உளுந்து ஸ்மூத், அரிசி ஸ்லைட்லி கோர்ஸ் என்று எழுதினால் உலகத்தில் எங்கே இருப்பவரும் சரியாக அரைப்பார். ஓட்டல் பட்டியலில் நைஸ் பத்திரியின் பெயரை மாற்ற வேண்டாம், அது பெயர். கீழே ‘தின் ரைஸ் ரொட்டி’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இல்லாவிட்டால் வெளியூர்க்காரர் அதை ‘நல்ல பத்திரி’ என்றுதான் படிப்பார்.

இரண்டாவது தமிழ்ப் பொருள் ‘நைசா நழுவிட்டான்’, ‘நைசாப் பேசி வாங்கிட்டான்’, ‘என்னை நைஸ் பண்ணாதே’ என்பவற்றில் வருவது. நெருடாத மாவுபோல, யாருக்கும் உறுத்தாமல், சத்தமில்லாமல் காரியம் முடிப்பது. வழவழப்பிலிருந்து தந்திரத்துக்கு ஒரே எட்டு. மலையாள இளைஞர்களும் ‘நைசாயிட்டு முங்ஙி’ என்பார்கள், ஓசைப்படாமல் ஆள் மறைந்துவிட்டான் என்று. இரண்டு மொழிக்காரர்களும் கலந்து பேசும் பேருந்தில் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது. ஆங்கிலத்தில் இந்தப் பொருள் அறவே இல்லை. ‘ஹி நைஸ்லி எஸ்கேப்ட்’ என்றால் அவர்களுக்கு விளங்காது. நழுவியதற்கு ‘ஹி ஸ்லிப்ட் அவே’, பேசி மயக்கியதற்கு ‘ஹி ஸ்வீட்-டாக்ட் மீ’, தந்திரமாகச் செய்ததற்கு ‘ஸ்லைலி’ என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் தேட வேண்டும்.

தமிழில் இந்த இடத்துக்குப் பழைய சொல் வேண்டுமென்றால் ‘நயம்’ இருக்கிறது. மளிகைக் கடையில் ‘நயம் சரக்கு’ என்றால் முதல்தரம். ‘நயமாகப் பேசி’ என்றால் இனிக்கப் பேசி. தரம், இனிமை, தந்திரம் மூன்றும் ஒரே சொல்லில். நைஸ் தமிழுக்குள் அந்நியமாகத் தெரியாமல் உட்கார்ந்ததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. எல்லையில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மலையாளத்தில் நயம் என்றால் பெரும்பாலும் கொள்கை. ‘வித்யாப்யாச நயம்’ என்று செய்தித்தாளில் வந்தால் கல்விக் கொள்கை. அதற்கும் நயத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

இப்போது ஆங்கிலப் பயன்பாடு. உச்சரிப்பில் கடைசி ஒலி அழுத்தமான ‘ஸ்’. ரைஸ், ஐஸ், பிரைஸ் எப்படி முடிகிறதோ அப்படி. எழுதும்போது நடுவில் ‘i’க்குப் பிறகு ஓர் ‘e’ எழுத்து நுழைந்துவிட்டால் அது ‘நீஸ்’ ஆகி, உடன்பிறந்தவரின் மகள் என்று பொருள் மாறிவிடும். பிரான்ஸில் இதே எழுத்துகளில் ஒரு நகரம் உண்டு, அதையும் ‘நீஸ்’ என்றே சொல்ல வேண்டும். வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை.

தமிழர் அதிகம் தவறும் இடம் புலன் வினைகள். ‘நல்லா மணக்குது’ என்பதில் ‘நல்லா’ வினையைத் தழுவுகிறது. அந்தப் பழக்கத்தில் ‘இட் ஸ்மெல்ஸ் நைஸ்லி’ என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் ஸ்மெல், டேஸ்ட், லுக், சவுண்ட், ஃபீல் ஆகிய வினைகள் பொருளின் தன்மையைச் சொல்லும்போது பெயரடையையே கேட்கும். ஆகவே ‘இட் ஸ்மெல்ஸ் நைஸ்’. ‘ஷி லுக்ஸ் நைஸ்’. செயல் நடந்த விதத்தைச் சொல்லும்போதுதான் நைஸ்லி: ‘ஷி சிங்ஸ் நைஸ்லி’, ‘ஹி ஆஸ்க்ட் நைஸ்லி’. இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பணிவாகக் கேட்டான் என்று பொருள்.

அடுத்தது ‘சோ நைஸ் பெர்சன்’. நம் நாட்டில் எங்கும் கேட்கும் பிழை. பெயர்ச்சொல் பின்னால் வந்தால் ‘சச் எ நைஸ் பெர்சன்’. பெயர்ச்சொல் இல்லாமல் நின்றால் ‘ஹி இஸ் சோ நைஸ்’. ‘வாட் எ நைஸ் வெதர்’ என்பதும் தவறு. வெதர் எண்ண முடியாத பெயர், அதனால் ‘வாட் நைஸ் வெதர்’. ‘வாட் எ நைஸ் டே’ சரி, நாளை எண்ணலாம்.

முன்னிடைச்சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவரிடம் அன்பாக நடந்துகொள்வது ‘நைஸ் டு’. ‘ஷி வாஸ் நைஸ் டு மை மதர்’. நம்மவர்கள் இங்கே ‘வித்’ போடுவது ‘என்னோடு நல்லபடியா இருந்தார்’ என்ற தமிழின் ‘ஓடு’ இழுப்பதால். செய்த ஆளைப் பாராட்டினால் ‘நைஸ் ஆஃப்’. ‘இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்’: நீங்கள் வந்தது உங்கள் நல்ல மனசு. இதில் ‘ஆஃப்’ போய் ‘ஃபார்’ வந்தால் வந்ததில் உங்களுக்கு மகிழ்ச்சி என்று திரும்பிவிடும்.

முதல்முறை ஒருவரைப் பார்க்கும் நொடியில் ‘நைஸ் டு மீட் யூ’. பேசி முடித்துப் பிரியும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’. ஏற்கெனவே அறிந்தவரை மறுபடி சந்தித்தால் மீட் வராது, ‘நைஸ் டு சீ யூ’. நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழைந்தவுடன் ‘நைஸ் மீட்டிங் யூ’ என்றால் கிளம்புகிறேன் என்பதுபோல் ஒலிக்கும்.

பெயரடைகள் அடுக்காக வந்தால் நம் கருத்தைச் சொல்வது முன்னால், அளவு, வயது, நிறம் பின்னால்: ‘எ நைஸ் ஓல்டு ஹவுஸ்’, ‘எ நைஸ் லிட்டில் டெம்பிள்’. ‘ஓல்டு நைஸ் ஹவுஸ்’ உறுத்தும். ‘நைஸ் அண்டு’ என்று இன்னொரு பெயரடையோடு சேர்ந்தால் அங்கே நைஸ் தனிப்பொருள் தராமல் அடுத்த சொல்லுக்கு அழுத்தம் மட்டும் கொடுக்கும்: ‘தி டீ இஸ் நைஸ் அண்டு ஹாட்’ என்றால் டீ நல்ல சூடு. நம் ‘நல்ல சூடு’, ‘நல்ல மழை’யில் நல்ல செய்யும் வேலையையே இது செய்கிறது. ஆனால் இந்த அடுக்கு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. ‘நைஸ் அண்டு ஹாட் டீ’ வேண்டாம். ஒப்பீட்டுக்கு நைசர், நைசஸ்ட். ‘மோர் நைஸ்’ இல்லை. வெரி, ரியலி சேரும், ‘அப்சல்யூட்லி’ சேராது. அது வொண்டர்ஃபுல் போன்ற உச்சச் சொற்களுக்கு உரியது.

நைஸ், குட் இரண்டும் ஒன்றல்ல. ‘எ குட் டாக்டர்’ என்றால் கைராசியும் திறமையும் உள்ளவர். ‘எ நைஸ் டாக்டர்’ என்றால் சிரித்த முகமாகப் பேசுபவர். அறுவைச் சிகிச்சைக்கு யாரைத் தேடுகிறோம் என்பதைச் சொல்லிலேயே காட்டிவிடலாம். அதேபோல் ‘எ குட் மேன்’ ஒழுக்கத்தைச் சொல்லும், ‘எ நைஸ் மேன்’ பழக இதமானவர் என்பதோடு நின்றுவிடும். சிபாரிசுக் கடிதத்தில் ‘ஷி இஸ் எ நைஸ் ஸ்டூடண்ட்’ என்று எழுதினால் அந்தப் பெண்ணின் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நல்ல எண்ணத்தோடு எழுதிய சொல்லே அவளுக்குக் கெடுதல் செய்யும்.

ஆஸ்டினின் நாவலில் டில்னி சொன்ன குறை இங்கேதான் வேலை செய்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் காட்டுவதில்லை. பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். கட்டுரையில் எழுதும்போது, நைஸ் என்று வந்த இடத்தில் ‘எந்த வகையில்?’ என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஆள் என்றால் கைண்ட், ஃபிரெண்ட்லி, கன்சிடரேட். காற்றும் வெயிலும் என்றால் பிளெசன்ட், மைல்டு. வேலை என்றால் நீட், கேர்ஃபுல். சாப்பாடு என்றால் சுவையையே சொல்லிவிடலாம்.

குரலையும் கவனிக்க வேண்டும். தட்டைக் கீழே போட்டு உடைத்தவரிடம் ‘நைஸ் வொர்க்’ என்றால் குத்தல். ‘நைஸ் டிரை’ நட்போடு சொன்னால் நல்ல முயற்சி, ஏமாற்ற வந்தவரிடம் சொன்னால் உன் வேலை பலிக்கவில்லை என்று பொருள். நீளமாகச் சொன்ன செய்திக்கு ‘தட்ஸ் நைஸ்’ என்று மட்டும் பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று கொள்ளலாம்.

கடைசியாக, பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கும் இடங்கள். சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம் தேவை. நம் நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘எ நைஸ் க்வெஸ்டியன் ஆஃப் லா’ என்று வரும். ‘நல்ல சட்டக் கேள்வி’ என்று மொழிபெயர்த்தால் பிழை. ‘நுட்பமான சட்டக் கேள்வி’ என்பதே சரி. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் மயிரிழை வேறுபாடு. ‘டு எ நைசிட்டி’ என்றால் இம்மி பிசகாமல். இந்த ‘நைசிட்டி’ பழைய பிரெஞ்சில் மடமையைக் குறித்த சொல். ஒருவரைப் பற்றி ‘ஹி வாஸ் நாட் டூ நைஸ் அபவுட் ஹிஸ் மெத்தட்ஸ்’ என்று வந்தால், அவர் அன்பில்லாதவர் என்று எடுக்கக் கூடாது. வழி நேர்மையானதா என்று நுணுகிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை என்பது பொருள். போட்டித் தேர்வில் இணைச்சொல் கேட்கும்போது விடைகளில் ‘பிளெசன்ட்’ இல்லாமல் ‘சட்டில்’ அல்லது ‘பிரிசைஸ்’ மட்டும் இருந்தால் தயங்காமல் அதைக் குறியுங்கள். கொழிஞ்சாம்பாறை மில்காரர் ‘நைசா?’ என்று கேட்பதும் அந்தப் பொருளில்தான்.